கொடைக்கானல் ஏரியும் பேட்லாக் தையலும்: திருப்பூர் வட்டார வார இறுதிப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

வார இறுதி என்பது உலகின் பிற பகுதிகளில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு முடிவது. திருப்பூரில் அது சனிக்கிழமை இரவு சம்பளக் கவர் கைக்கு வந்த கணத்தில் தொடங்கி, திங்கள் காலை எட்டரை மணி பெல் அடிக்கும் வரை நீள்வது. இடைப்பட்ட காலத்தை மணிக்கணக்கில் அளப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. ஷிஃப்ட் கணக்கில்தான் அளக்க வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இழுத்தால் ஒன்றரை. நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. இந்தக் கணக்கில் கொடைக்கானல் போய்வருவது இரண்டரை ஷிஃப்ட் வேலை. கூலி வாங்காமல், சொல்லப்போனால் கையிலிருந்து போட்டு, திருப்பூர்க்காரர் மனமுவந்து பார்க்கும் இரண்டரை ஷிஃப்ட் இது ஒன்றுதான்.

ஆயினும் அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை. இவ்வூரின் ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்று எழுதுகிறார்கள். சாயக்கழிவைப் பற்றி எழுதுகிறார்கள். டெம்போ டிராவலரின் கடைசி சீட்டில் தூக்குப்போசியை மடியில் வைத்தபடி ஏழாயிரம் அடி உயரம் ஏறும் ஓவர்லாக் டெய்லரைப் பற்றி எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

நிறுவ வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது மரபு. திருப்பூர்க்காரர் ஏரியைச் சுற்றி வருவது ஏரியைப் பார்க்க அன்று. ஏரியைச் சுற்றி வருகிறவர்களின் பனியனைப் பார்க்க.

ஏன் கொடைக்கானல் என்ற வினா எழலாம். ஊட்டியிலும் ஏரி உண்டு. 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டியது. ஏற்காட்டிலும் உண்டு. ஆனால் அவ்விரண்டுக்கும் போகிற வழியில் பழனி இல்லை. 'ஊர் சுத்தப் போறோம்' என்று வீட்டில் சொன்னால் அமுச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 'பழனிக்குப் போறோமுங்க, அப்படியே மேல ஒரு எட்டு' என்றால் அதுவே முதல் ஆளாகக் கிளம்பி முன் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். முருகனை முன்வைத்து மலையேறுவது குறிஞ்சி நிலத்துக்குப் புதிதும் அன்று.

வழி குறித்து இரண்டு பள்ளிகள் உண்டு. தாராபுரம் பள்ளியினர் கோவில்வழி, கொடுவாய், தாராபுரம் என்று தெற்கே இறங்கிப் பழனியைப் பிடிப்பவர்கள். உடுமலைப் பள்ளியினர் பல்லடம், குடிமங்கலம், உடுமலை, மடத்துக்குளம் என்று சுற்றி அதே பழனியைப் பிடிப்பவர்கள். இரு சாராரும் வழியில் அமராவதியைத் தாண்டுகிறார்கள். இரு சாராருக்கும் காற்றாலைகள் கிடைக்கின்றன. இரு சாராரும் தத்தம் வழியே 'பத்து நிமிஷம் கம்மி' என்று சாதிக்கிறார்கள். உடுமலைப் பள்ளியின் உறுதியான வாதம் என்னவென்றால், டிரைவரின் மாமனார் வீடு மடத்துக்குளத்தில் இருக்கிறது என்பதுதான். இதை மறுக்கத் தாராபுரம் பள்ளியிடம் சான்று இல்லை.

புறப்படும் நேரம் பற்றிய விதி தெளிவானது. 'நாலு மணிக்கு வண்டி' என்று அறிவித்தால், நாலு மணி என்பது வண்டியின் புறப்பாடன்று. வண்டிக்காரருக்கு முதல் போன் போகும் நேரம். காரணம் சோம்பலன்று. சனிக்கிழமைதான் வாரக் கணக்கு முடியும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் நோட்டைக் கொண்டுவந்து, சூப்பர்வைசர் நோட்டோடு ஒத்துப் பார்த்து, இரண்டு டஜன் இடித்து, அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்து, பணம் கைக்கு வருகையில் இரவு பத்தாகிவிடும். பிறகு பரோட்டா. பிறகு, கட்டிங் மாஸ்டர் மறுநாள் வருவாரா மாட்டாரா என்ற கேள்வி. பவர்டேபிள் வைத்து ஜாப் ஒர்க் ஓட்டும் ஓனரும், அவரிடம் தைக்கிற டெய்லர்களும், செக்கிங் அக்காக்களும், அவரவர் குடும்பங்களும் ஒரே வண்டியில் போகிற பயணம் இது. மாஸ்டர் வராமல் வண்டி நகராது. மாஸ்டர் வருவார், கடைசியாகத்தான் வருவார், அது பதவிக்குரிய மரியாதை.

வண்டியில் ஏறும் சாமான்களைத் தொல்லியலார் ஆராய வேண்டும். சூட்கேஸ் அரிது. ஐந்தடுக்கு ஏற்றுமதி அட்டைப்பெட்டியில்தான் துணிமணி. பெட்டியின் பக்கவாட்டில் ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்தின் பேர், கார்ட்டன் நம்பர், மொத்த எடை, நிகர எடை எல்லாம் அச்சடித்திருக்கும். உள்ளே இரண்டு போர்வை, ஒரு குரங்குக் குல்லா. தின்பண்டம் முழுவதும் பாலிபேக்கில். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும், மூச்சுத்திணறும் அபாயம் உண்டு என்று நாலைந்து மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்ட கவருக்குள் முறுக்கைப் போட்டுக் குழந்தையின் கையிலேயே கொடுத்திருப்பார்கள். வண்டியின் பின்னால் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். தென்னிந்திய மெக்கானிக் கடைகள் எல்லாம் கை துடைக்கிற அந்தக் கட்டிங் துண்டுகளுக்கு மலைப்பாதையில் வேறொரு பயன் உண்டு. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவு தொடங்கி மூன்றாவது திருப்பத்தில் அந்த மூட்டை அவிழும். வெள்ளைத் துண்டு, கலர்த் துண்டு என்று அந்நேரத்திலும் தரம் பிரித்து எடுக்கிற செக்கிங் அக்காவை இவ்வாய்வாளன் நேரில் கண்டிருக்கிறான். கலர்த் துண்டு சாயம் விடுமாம்.

அடிவாரத்தில் சோதனைச் சாவடி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வேலை நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பிற ஊர்க்காரர்கள் இதைத் தொல்லையாகக் கருதுகையில், திருப்பூர்க்காரர் பெருமையாகக் கருதுகிறார். முன்பு கோட்டா, இப்போது பாஸ், பேக்கிங் லிஸ்ட், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் முடிந்தால்தான் சரக்கு நகரும் என்பது அவருக்குப் பழகிய உலக நியதி. அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் அவர் முகம் மலர்வதைக் காணலாம். பாலிபேக்கைப் பறிமுதல் செய்தால்தான் சுருங்கும்.

வரதமாநதி அணை, சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று பாதை ஏறுகிறது. இவற்றின் இயற்கை எழிலைப் பிறர் எழுதியிருக்கிறார்கள். இவ்வாய்வுக்கு வேண்டியது ஒன்றே: பதினொரு மணி. வண்டி எந்த வளைவில் இருந்தாலும், பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் இருந்தாலும், காலை பதினொன்று ஆனதும் வண்டிக்குள் ஓர் அசைவு எழும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கம்பெனியில் டீயும் வடையும் வருகிற நேரம் உடம்புக்குத் தெரியும். 'அண்ணா, சித்தெ ஓரங்கட்டுங்க' என்று பின்னாலிருந்து குரல் வரும். டீக்கடை இல்லாத வளைவென்றால் அடுத்த அரை மணி நேரத்துக்கு வண்டியில் பேச்சு நின்றுபோகும்.

இனி ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து அணை கட்டி உருவாக்கிய செயற்கை ஏரி இது. நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர் பரப்பு, சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வழிந்து போகும் நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. வண்டி அதைத் தாண்டித்தான் வந்தது, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1890-ல் படகுக் குழாம் தொடங்கினார்கள். இந்த வரலாற்றில் திருப்பூர்க்காரரை உலுக்கியெடுக்கும் செய்தி ஒன்று உண்டு. ஏரியில் மிதந்த முதல் படகை லெவிஞ்ச் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது அது. கேட்டதும் ஓனர் நின்றுவிட்டார். 'தூத்துக்குடியில இருந்தா? அப்ப ரோடு ஏதுங்க?' என்றார். நியாயமான கேள்வி. மோட்டார் போகும் மலைப்பாதை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆட்கள்தான் சுமந்து ஏற்றியிருக்க வேண்டும். தன் கண்டெய்னர் காங்கேயம் தாண்டியதா என்று வாரம் முழுதும் போன் போட்டுக்கொண்டிருப்பவர் அவர். துறைமுகத்திலிருந்து மலையுச்சிக்கு ஒரு படகை எதிர்த்திசையில் ஏற்றிய மனிதனை நினைத்து ஏரிக்கரையில் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். அந்தக் காலத்தில் சரக்குக்கூலி என்ன ஆகியிருக்கும் என்பதே அவர் மௌனத்தின் உட்பொருள் எனப் பின்னர் தெரியவந்தது.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு நிகழ்கிறது. கொடைக்கானல் கண்டுபிடிப்புகளுக்குப் பேர்போன இடம். 1899-ல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடத்தில் 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. அதே ஊரில், சற்றுத் தாழ்ந்த உயரத்தில், ஏரிக்கரை நடைபாதையில் காணக்கிடைக்கும் இன்னொன்றை 'மெயின் லேபிள் விளைவு' எனக் குறிப்போம். முன்னால் நடந்து போகிறவர் யாராக இருந்தாலும், அவர் பனியனின் பின்கழுத்தை நோக்கித் திருப்பூர்க்காரரின் பார்வை இழுபடுவதே அவ்விளைவு.

இது மூன்று படிகளில் நிகழும். முதலில் கழுத்து ரிப். அலையலையாக நெளிந்து நிற்கிறதா, படிந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். நெளிந்தால், 'ரிப்ப இழுக்காம வெச்சுட்டான்' என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அடுத்து ஓரத் தையல். துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தால், துணியைச் சரியாகக் காம்பாக்டிங் பண்ணவில்லை என்று முடிவு கட்டுவார். அந்த ஆளின் மனைவி அழகாகத் தோள் சாய்ந்து நடப்பதோ, பின்னால் ஏரியில் மஞ்சு இறங்குவதோ கண்ணில் படாது. கடைசியாகக் கீழ் மடிப்பு. பேட்லாக் தையலின் இரண்டு ஊசித் தடமும் இணையாக ஓடுகிறதா, தையல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்ததா என்பதைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுவிடுவார். இதற்காகச் சைக்கிளில் சுற்றுகிறவர்களைத் துரத்த முடியாது என்பதால் அவர் எப்போதும் நடந்தே சுற்றுகிறார். குதிரைச் சவாரியை ஒரு டெய்லர் மறுத்ததற்கும் இதுவே காரணம். மேலிருந்து பார்த்தால் ஷோல்டர்தான் தெரியுமாம்.

லேபிள் பாதி வெட்டப்பட்டிருந்தால் நாடகம் உச்சமடையும். வெட்டிய லேபிள் என்றால் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு. ஆர்டர் ரத்தாகியிருக்கும், அல்லது டேமேஜில் ஒதுக்கியிருப்பார்கள். திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தை வழியாக வெளியே வந்திருக்கும். சேலத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவனின் முதுகைக் காட்டி, 'மாஸ்டர், இது நம்ம போன வருஷம் அடிச்ச நேவி ப்ளூ மாதிரி இல்ல?' என்று செக்கிங் அக்கா கேட்க, மாஸ்டர் அவனை முந்திப்போய்த் திரும்பி நின்று மார்பில் இருந்த பிரிண்டைப் படித்தார். அவன் தன்னை ஏதோ கேட்க வருகிறார்கள் என்று இயர்போனைக் கழற்றினான். 'ஒண்ணுமில்லீங் தம்பி. துணி நல்லா இருக்குது. போங்க' என்றார். ஒரு படைப்பாளி தன் வாசகனை நேரில் சந்திக்கும் அரிய தருணங்களில் இதையும் சேர்க்க வேண்டும். மாஸ்டரின் பேர் அந்த லேபிளில் எப்போதும் இருந்ததில்லை.

ஸ்வெட்டர் கடை தனி ஆய்வுக்குரியது. பாப்பாவுக்குக் குளிர்கிறது, குல்லா போதவில்லை. ஏரிக்கரைக் கடையில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓனர் ஒரு ஹூடியை எடுத்து உட்புறம் திருப்பினார். பிரஷ் அடித்த பிளீஸ். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு.

'இது எந்தூர்ச் சரக்குங்க?'

'லூதியானாண்ணே. ஒரிஜினல்.'

'இதா லூதியானா? முந்நூறு ஜிஎஸ்எம் காட்டன் பிளீஸு. லேபிள வெட்டிருக்கீங்க.'

கடைக்காரர் சற்று யோசித்து, 'அது ஒண்ணு மட்டும் திருப்பூர்ண்ணே' என்றார்.

பிறகு நடந்தது விலை பேசுவது அன்று. அடக்க விலை நிறுவுதல். நூல் கிலோ இவ்வளவு, நிட்டிங் கூலி இவ்வளவு, டையிங், பிரஷ்ஷிங், கட்டிங்கில் போகிற வேஸ்ட், டெய்லர் கூலி, ஜிப், அயர்ன், பேக்கிங் என்று ஓனர் படிப்படியாகக் கட்டியெழுப்பினார். கடைக்காரர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். 'எல்லாம் சரிண்ணே. மலை ஏத்துற கூலிய விட்டுட்டீங்களே. பாப்பா நடுங்குது பாருங்க' என்றார். ஓனரின் மனைவி குறுக்கே வந்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, 'கணக்க ஊர்ல போய்ப் போட்டுக்கலாம், வாங்க' என்றார். தன் ஊரில் தைத்த துணியைத் தன் ஊரிலிருந்து 150 கிலோமீட்டர் தள்ளிவந்து இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவதைப் பொருளியலார் என்னவென்று அழைப்பார்களோ, திருப்பூரில் இதற்கு ரீ-இம்போர்ட் என்று பேர்.

திணை இலக்கணத்தின்படி இப்பயணத்தை எங்கே வைப்பது என்பது சிக்கல். நிலம் மலை, தெய்வம் முருகன், இவற்றில் பழுதில்லை. பூ குறிஞ்சி, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, அடுத்தது 2030 என்று இப்போதே தேதி சொல்லிவிட்ட பூ. டெலிவரி தேதியைத் தவறவிடாத ஒரே சப்ளையர் என்று மாஸ்டர் அதைப் பெரிதும் மதிக்கிறார். இடறுவது உரிப்பொருள். சங்கப் பாட்டில் தலைவன் பொருள்வயிற் பிரிவான், தலைவி வருந்துவாள். இங்கே தலைவன் தலைவியோடுதான் இருக்கிறான். பொருளைப் பிரிந்து வருந்துகிறான். படகின் நடுவில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற மூலையாகப் பார்த்துப் படகைத் திருப்பி, 'டையிங்ல இருந்து துணி வந்துதா?' என்று கேட்கிறவனின் குரலில் உள்ள இரங்கலை நெய்தலில் வைப்பதா, எதிரே உட்கார்ந்திருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் மருதத்து ஊடலில் வைப்பதா? இவ்வாய்வாளனின் துணிபு, இதைத் திணைமயக்கம் என்று விட்டுவிடுவதே வீட்டுக்கு நல்லது என்பது.

இனி ஒரு மறுப்பு. தண்ணீர் பார்க்க இத்தனை தூரம் ஏன் போக வேண்டும், திருப்பூரிலேயே நஞ்சராயன் குளம் இல்லையா என்று கேட்பார் உளர். இருக்கிறது. பரப்பு 125 ஹெக்டேருக்கு மேல், அதாவது 300 ஏக்கரைத் தாண்டும். கொடைக்கானல் ஏரியைப்போல் ஐந்து மடங்கு. தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்ட்டில் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்கால ஓய்வுக்கு வருகின்றன. வாத்துகள் இ-பாஸ் எடுப்பதில்லை, ஸ்வெட்டரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே போவதற்கு வண்டி பேச வேண்டாம், கட்டுச்சோறு வேண்டாம், திங்கட்கிழமை கம்பெனியில் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. கொண்டை ஊசி வளைவு இல்லாத ஏரியை ஏரியாக எண்ணும் பழக்கம் இவ்வூரில் இல்லை.

இன்னொரு நீர்நிலையும் உண்டு. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. வயல்கள் கெட்டன, கிணறுகள் கெட்டன, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பட்டறைகள் மீண்டும் ஓடின. அதற்கு முன்பெல்லாம், அந்தந்த வருஷம் எந்தக் கலருக்கு ஆர்டர் அதிகம் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்று, 'தண்ணி அது பாட்டுக்கு நெறமே இல்லாமக் கெடக்குது பாரு' என்று மாஸ்டர் தன் மகனுக்குக் காட்டினார். பையன் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். போலி ஆய்வுக் கட்டுரையில் இதற்குமேல் இதைப் பேச இடமில்லை.

திரும்பும் பயணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் தூங்குவார்கள். பழனியில் பஞ்சாமிர்தம் வாங்க ஒருமுறை விழிப்பார்கள். வீடு சேர நள்ளிரவாகும். திங்கள் காலை பெல் அடிக்கும்போது லைனில் பாதி மெஷின் காலியாக இருக்கும். கட்டிங் முடித்த பீஸ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்க, கைமடிக்கிற பெண் சும்மா உட்கார்ந்திருப்பாள். மாஸ்டரும் வந்திருக்க மாட்டார். ஓனரும் அதே வண்டியில் போனவர் என்பதால் அவரால் சத்தம் போட முடியாது. சூப்பர்வைசர்தான் சத்தம் போட வேண்டும். அவர் பயணத்துக்கு வரவில்லை, இன்ஸ்பெக்‌ஷன் இருந்ததால் ஊரிலேயே நின்றுவிட்டவர், கோபம் நியாயமானது.

இந்த இடத்தில்தான் கொடைக்கானல் மலைப்பூண்டு பொருளாதாரத்துக்குள் நுழைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. சின்னதாக இருந்தாலும் காரமும் வாசமும் தூக்கலாக இருக்கும், நாள்பட வைத்தாலும் கெடாது. பத்தரை மணிக்கு உள்ளே நுழையும் டெய்லர் நேரே மெஷினுக்குப் போகமாட்டார். சூப்பர்வைசர் மேசைக்குப் போய், ஒரு பாலிபேக்கை வைப்பார். 'வீட்டுக்குங்ணா' என்பார். சூப்பர்வைசர் பையைத் திறந்து, ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்து, நோட்டில் எதையோ எழுதுவார். கால் கிலோ மலைப்பூண்டுக்கு அரை நாள் என்பது இப்போதைய மாற்று விகிதம். சாக்லேட்டுக்கு விகிதம் கிடையாது. அதை ஊருக்குள்ளேயே வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக உண்டு. யூகலிப்டஸ் தைலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. ஷிப்மென்ட் நெருங்கிய வாரமென்றால் பூண்டு அரைக் கிலோ கேட்கும். மாஸ்டருக்கு மட்டும் எந்த விகிதமும் பொருந்தாது. அவர் பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு வருவார், சூப்பர்வைசரே எழுந்து டீ சொல்வார்.